வெண்கலம் திருப்பிச் சொன்ன வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ அனுப்பிய வீடியோ. ஒரு பல்கலைக்கழக முற்றம், நிறைய மாணவர்கள், மைக் கிடையாது. நடுவில் நிற்பவன் ஒரு வரி சொல்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் திருப்பிக் கத்துகிறார்கள். அதைக் கேட்டு அடுத்த வரிசை கத்துகிறது. இப்படியே கடைசி வரிசை வரை போகிறது. பேச்சின் நடுவே அவன் பக்கத்துப் பெண்ணிடம் "தண்ணி இருக்கா?" என்று கேட்டான். முற்றமே "தண்ணி இருக்கா?" என்று முழங்கியது.

விழுந்து விழுந்து சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீருக்குப் பதிலாக அவன் வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருந்தால்? அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "விடியலின் செந்நிறம் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மீது" (அடித்தாயிற்று. போராட்டக் கதை என்றதும் விடியலைக் கூப்பிடுவது ஒரு கெட்ட பழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் புரட்சிக்காரியாகவே பிறந்தாள்" (பொய். பிறந்தபோது மற்றக் குழந்தைகளைவிட உரக்க அழுதாள், அவ்வளவுதான்.)

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்.

அவளை எல்லோரும் வெண்கலம் என்றே கூப்பிட்டார்கள். அப்படிப்பட்ட குரல். உணவகத்தில் அவள் டீ கேட்டால் மாடியில் இருப்பவர்களுக்கும் டீ குடிக்கத் தோன்றும். இறுதியாண்டு மாணவி. அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மகள் படித்து முடித்துவிடுவாள் என்பதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற மனிதர்.

பல்கலைக்கழகம் ஒரு புது விதி போட்டது. கூட்டத்தில் பேச விரும்புகிறவர் பேசப்போவது முழுவதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகம் படித்துப் பார்த்து, பிடிக்காததை வெட்டிவிட்டுத் தரும். அனுமதி வாங்காதவர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. அந்த விதியை எதிர்த்துத்தான் கூட்டம். அதனால்தான் மைக் இல்லை, அதனால்தான் வெண்கலம்.

பேச வந்தவன் ஓர் ஆராய்ச்சி மாணவன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் பட்டம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அருமையாக யோசிப்பான். ஆனால் அவன் பேசுவது அவன் சட்டைக்கே கேட்காது. பட்டப்பெயர் மெல்லிசை.*

* பெயர்களைக் கேலிக்காக வைத்தேன் என்று நினைக்க வேண்டாம். விசாரணை அறையில் இவர்களுடைய உண்மையான பெயர்களை வைத்துக்கொண்டு என்ன பாடு படுத்தினார்கள் என்று தெரிந்தால் நீங்களும் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்வீர்கள்.

திருப்பிச் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். யோசிக்கக் கூடாது. காதில் விழுந்தது அப்படியே வாயில் வர வேண்டும். யோசித்தால் ஒரு நொடி பிந்தும், பின்வரிசைக்கு வரி உடைந்துவிடும். வெண்கலம் அன்று தொண்டைத் தண்ணீர் வற்ற அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மெல்லிசை நிமிர்ந்து பார்த்தான். மாடியில் துணைவேந்தர் அறைத் திரை லேசாக விலகி, சட்டென்று மூடிக்கொண்டது. அவன் வெண்கலத்தின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் சொன்னான்:

"நம்ம துணைவேந்தருக்கு நம்மளக் கண்டா பயம்."

அவள் திருப்பிச் சொன்னாள்.

முன்வரிசை சொன்னது. அடுத்த வரிசை சொன்னது. வாசலில் நின்ற காவலாளிகள் வரை போய்ச் சேர்ந்தது. அதன்பிறகுதான் எல்லோருக்கும் தாங்கள் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. பிறகு முற்றமே சிரித்தது. வெண்கலம் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் அவளும் சிரித்தாள்.

3

கூட்டத்தை யாரோ எடுத்த வீடியோவில் வெண்கலத்தின் வாய் தெளிவாகத் தெரிந்தது. மெல்லிசையின் முதுகுதான் தெரிந்தது. அதனால் அழைப்பு அவளுக்கு மட்டும் வந்தது. குற்றம்: துணைவேந்தரை அவமதித்தது.

விசாரணைக் குழுவின் தலைவர் வேதியியல் பேராசிரியர். கெட்டவர் இல்லை. (கெட்டவராக வைத்திருந்தால் எனக்குக் கதை எழுதச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு முறை முயன்றேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

"இது உன் சொந்தச் சரக்கு இல்லைன்னு எங்களுக்கே தெரியும்மா," என்றார். "உன் காதுல யாரோ சொன்னாங்க. யாருன்னு சொல்லிடு. அடுத்த வாரம் பரீட்சை எழுதலாம். சொல்லலன்னா உன்னை நீக்குறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. மத்தியானம் வரைக்கும் யோசி."

சொன்னால் மெல்லிசையின் இத்தனை வருட ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் அவளுடைய படிப்பு போகும். இதில் சுற்றி வளைக்க எதுவுமில்லை.

4

எனக்குத் தொல்லை கொடுத்தவன் மெல்லிசை. முதல் வரைவில் அவன் ஊரைவிட்டே ஓடினான். அடுத்த வரைவில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து "நான்தான் சொன்னேன்!" என்றான். இரண்டையும் கிழித்தேன். எனக்குத் தெரிந்த நல்லவர்கள் யாரும் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. இப்போது அவன் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடிக்கிறான்.

"நீ என் பேரைச் சொல்லிடு," என்றான். "நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்களே உள்ள வந்து சொல்லுங்களேன்ண்ணா."

"அவங்க என்னைக் கூப்பிடலயே."

வெண்கலம் அவனையே பார்த்தாள். பெருந்தன்மையைத் தான் வைத்துக்கொண்டு வேலையை அவள் தலையில் கட்டுகிறான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த நொடியே அவன் நகத்தைச் சதை வரை கடித்திருப்பதைப் பார்த்தாள், பாவமாகவும் இருந்தது.

அப்பா போன் செய்தார். ஏதோ ஒரு லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தார், குரல் எதிரொலித்தது.

"என்னம்மா, நீ திருப்பித்தானே சொன்ன? அதைச் சொல்லிட்டு வந்துடு."

"திருப்பித்தான்ப்பா சொன்னேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"சொன்னதுக்கு அப்புறம் அது எனக்குப் புடிச்சிருந்துச்சுப்பா."

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அக்கா கல்லூரியில் பாடம் நடத்துபவள், இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருப்பவள்.

"பேரைச் சொல்ல வைடா," என்றாள்.

"அது காட்டிக்கொடுக்கிறது இல்லையாக்கா?"

"நீ நாற்காலில சாஞ்சுக்கிட்டு எழுதுற. பாதியில படிப்பை விட்டுட்டுப் போன பொண்ணுங்களை நான் பாத்திருக்கேன். ஊர்வலத்துல கூட வந்தவங்க ஒருத்தரும் அப்புறம் எட்டிப் பாக்குறதில்ல. உன் கதை நல்லா முடியணும்ங்கிறதுக்காக அவ வாழ்க்கையைக் கெடுக்காத."

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் குத்துகிறது.

6

மத்தியானம். நீள மேசை, சத்தம் போடும் மின்விசிறி, ஓரத்தில் தட்டச்சு செய்யும் அம்மாள். அவருக்குச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டே அடிக்கும் வழக்கம்.

"பதிவுக்காக வாசிக்கிறேன்," என்றார் தலைவர். தொண்டையைச் செருமினார். "நம்ம துணைவேந்தருக்கு நம்மளக் கண்டா பயம்."

"...நம்மளக் கண்டா பயம்," என்றார் அம்மாள், அடித்துக்கொண்டே.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தலைவரின் காது மட்டும் சிவந்தது.

"இது யாரோட வாக்கியம்?"

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) அவள் பெயரைச் சொல்கிறாள். பரீட்சை எழுதுகிறாள். அக்கா நிம்மதியாகத் தூங்குகிறாள். வெளியே பெஞ்ச் காலியாகிறது.

(ஆ) "என்னோடது," என்கிறாள். படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார அவர்கள் யாரும் வரமாட்டார்கள்.

(இ) "நம்ம எல்லாரோடதும் சார்," என்கிறாள். (இதைச் சுவரொட்டியில் எழுதலாம். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாயில் இது வராது.)

மூன்றையும் எழுதி வைத்துவிட்டு எது தேவலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்காததை வெட்டினேன். அப்போதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் பேசப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்து, படித்துப் பார்த்து, வெட்டித் தருகிற அலுவலகமாக நான் எப்போது ஆனேன்?

7

ஆகவே நான் எழுதித் தரப்போவதில்லை. அதற்காக அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. நீங்கள் அவள் இடத்தில் உட்காருங்கள். அடுத்த வாரப் பரீட்சை உங்களுடையது. அந்த அப்பா உங்களுடையவர். வெளியே நகம் கடிப்பவன் உங்கள் நண்பன். வாக்கியமும் உங்களுக்குப் பிடித்திருக்கிறது.

"சொல்லும்மா," என்கிறார் தலைவர்.

என்ன பதில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மனத்துக்குள் சொன்னால் கணக்கில்லை. இப்போது நீங்கள் இருக்கும் இடத்திலேயே, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

யார் காதில் விழுமோ என்று முதலில் கதவைப் பார்த்தீர்கள் அல்லவா? அவளும் பார்த்தாள்.