முன்பணம் வாங்காதவர்

எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க அடிமை ஒழிப்புப் பாடத்தை நடத்திவிட்டு வந்த நாளில், அண்ணன் கிருபானந்தத்திடமும் அதைச் சொன்னேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அங்கே முன்பணம் வாங்கினார். அது தீரும்வரை வேறு ஷாப்புக்குப் போகக் கூடாது என்பது பேச்சு. ஆறு வருடமாக அரைக்கூலிக்கு அங்கேயே கிடந்தார்.

1865-இல் அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தம், குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் அந்த விடுதலையைத் தரவில்லை என்றேன். வேலையில்லாமல் தெருவில் நிற்பதையே குற்றமாக்கி, விடுதலையானவர்களைப் பிடித்து மறுபடி பண்ணைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

"அடேங்கப்பா! வாசல் வழியா அனுப்பிட்டு ஜன்னல் வழியா இட்டாந்துட்டானா?" என்று சிரித்தார். "நம்ம சட்டத்துல அதுமாதிரி இன்னா வெச்சிருக்கான்?"

"ஒண்ணும் இல்லண்ணா. முன்பணத்துக்காகப் புடிச்சு வெச்சிருந்தா விடுதலை. கடனும் ரத்து."

1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. தொழிற்சங்கத்துக்காரர்கள் கொடுத்த கொத்தடிமைப் பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது. தாசில்தார் விசாரணைக்கு ஷாப்புக்கே வந்தார். எழுதியதைப் படித்துச் சொல்ல அண்ணன் என்னையும் அழைத்துப் போனார்.

உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. தாசில்தார் பக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஜார்ஜ், எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா. அண்ணன் ஷாப்பில் மேஸ்திரி என்றும், நான் மிஷன் உதவித்தொகையில் படித்தேன் என்றும் அவர்களிடம் சொல்லியிருந்தோம்.

மேனேஜர் மூர்த்தி முந்திக்கொண்டார். "முன்பணமா? இன்னா சார் பேஜாரு இது. அவரா இஷ்டப்பட்டுதான் வேல செய்றாரு. கேட்டுப் பாருங்க."

தாசில்தார் அண்ணனிடம் திரும்பினார். "வாங்கினியாப்பா? எவ்வளவு, எதுக்கு, யாருக்கு? சொன்னாத்தான் எழுத முடியும்."

அண்ணன் ஜார்ஜைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் வாங்கினார் என்று நான் சொல்லியிருக்கலாம். புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

"வாங்கலிங்க சார்" என்றார் அண்ணன்.

ஜார்ஜ் எழுதினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "மாப்ளயோட சித்தப்பா மீசைய பாத்தியா? தேங்கா நார ஒட்டிக்கினு வந்தாப்பல" என்றார்.

"அண்ணா..."

"உடு கிரேஸி. கல்யாணம் முடியட்டும். அடுத்த தபா வருவாங்க இல்ல, அப்ப சொல்லிக்கலாம்."

மே மாதம் கல்யாணம். ஆகஸ்டில் கழிவுத் தொட்டியை வழிக்க இறங்கிய அண்ணன் விஷவாயுவில் மூச்சடைத்து இறந்தார். முப்பத்து நாலு வயது.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் தாலுகா ஆபீசுக்குப் போய் ஜார்ஜ் மாமாவின் மேசை முன் நின்றேன்.

"அண்ணன் முன்பணம் வாங்கினது நிஜம் மாமா. என் படிப்புக்குத்தான். நான் எழுதிக் குடுக்கறேன். அவருக்கு விடுதலைச் சான்று வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா அது."

நான் நகரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"உங்களைப் பாத்துட்டுதான் மாமா சொல்லல."

"என்னயா?" குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா கே.வி.குப்பத்துல ஒரு பண்ணைக்கு அடிமைப்பட்ட படியாளா இருந்தவரும்மா. எங்க வீட்ல அத யாரும் மறைச்சதில்ல. உங்க அண்ணன் கைய பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, சுண்ணாம்பு தின்ன கை, மேஸ்திரி கை இல்லன்னு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொல்லுவீங்கன்னு பேனாவ தூக்கிப் புடிச்சுக்கினே இருந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காராமல் வந்துவிட்டேன். இதை என் கணவரிடம் சொல்ல எனக்கு இன்னும் நாலு வருடம் பிடித்தது.