பார்த்தாச்சு

அந்த முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் வழக்கம் இல்லை. சமையல் பார்க்கும் பெரியக்காவின் வாயிலிருந்து "பார்த்தாச்சு" என்ற ஒரு சொல் வரவேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி, நாக்கில் வைத்து, கண்ணைப் பாதி மூடி அவள் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் தள்ளுவண்டியின் சக்கரம் உருளும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

அதிலும் நீல மூடி போட்ட பாத்திரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். உப்பு ஆகாத பதினோரு பேருக்கான சூப் அது. அதில் எலுமிச்சைச் சாறு விழலாம், மிளகு விழலாம், உப்பு மட்டும் விழக்கூடாது. மற்ற முப்பது பேருக்குப் பெரிய பாத்திரம்.

இப்படிப்பட்டவளைக் கெடுத்தது ஒரு போட்டோ. ஊழியர்கள் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டினார்கள். பெரியக்கா ஓரத்தில் நின்றிருந்தாள். சட்டத்துக்குள் அவள் முக்கால்வாசிதான் அடங்கியிருந்தாள். மீதியைச் சட்டம் தின்றுவிட்டது. அன்று சாயங்காலமே தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"மூணே நாள்தான்க்கா. ஜூஸ், தண்ணி, மறுபடி ஜூஸ். உள்ள இருக்கற அழுக்கெல்லாம் கழுவி விட்ட மாதிரி போயிடும்."

"என் உள்ள அழுக்கு இருக்குன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"என் முகத்தைப் பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

"போன்ல எங்கடி பாக்கறது?"

"சொன்னா நம்புக்கா. ஆனா ஒண்ணு, நடுவுல ஒரு பருக்கை பல்லுல பட்டாலும் அத்தனையும் பாழ். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

புருஷன் தச்சு வேலைக்காரர். எதையும் அளந்து பார்க்காமல் அறுக்கமாட்டார். "லாபம் என்ன, நஷ்டம் என்ன, சொல்லு" என்றார்.

"ரெண்டு கிலோ குறையும்."

"அது லாபம். நஷ்டத்தை நான் சொல்றேன். மூணு நாள் பசியோட இருக்கறவ வாயில நான் விழணும்."

இல்லத்து நர்ஸிடமும் தனக்கில்லை, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"அழுக்கை எடுக்கறதுக்குத்தான் கல்லீரலும் கிட்னியும் இருக்கே, அதுங்க என்ன சும்மாவா உக்காந்திருக்கு? குறையற எடையில பெரும்பாலும் தண்ணிதான். சாப்பிட ஆரம்பிச்சதும் திரும்பி வந்துடும். சர்க்கரை வியாதிக்காரங்க, கிட்னி கோளாறு இருக்கறவங்க இந்தப் பக்கமே போகக்கூடாது. மத்தவங்க மூணு நாள்ல செத்துட மாட்டாங்க. ஆனா தலை சுத்தும், கை நடுங்கும், கவனம் நிக்காது."

"நல்லது ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. நாள் பூரா எதையாவது வாயில போட்டுக்கிட்டே இருக்கோம்னு அப்பத்தான் புத்தியில உறைக்கும்."

இத்தனை பேர் எடைபோட்டார்களே, எதையாவது வாயில் போட்டுப் பார்ப்பதற்குத்தான் பெரியக்காவுக்குச் சம்பளமே என்பது ஒருத்தர் நினைவுக்கும் வரவில்லை. பெரியக்காவுக்கே வரவில்லை.

முதல் நாள் அவளுக்கு வார விடுமுறை. படுத்தே கழித்துவிட்டாள். இரண்டாம் நாள் காலை பீட்ரூட் சாற்றைப் பாட்டிலில் ஊற்றிக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். சமையலறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. காய் நறுக்குகிறவளிடம் சொன்னால் போதும், மாடி வரைக்கும் போய்விடும். கத்தியும் வாயும் ஒரே வேகம் என்பதால் அவளுக்கு மின்னல் என்று பேர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரியும்.

"என்னக்கா, உதடெல்லாம் சிவப்பு? மாமாவோட எங்கயாவது வெளிய கிளம்பறீங்களா?"

"வாயை மூடிட்டு கேரட்டை நறுக்கு."

பதினொரு மணிக்கு மேல் அடுப்பு இரண்டு அடுப்பாகத் தெரிந்தது. மூடிகள் இரண்டும் கழற்றப்பட்டு மேடையில் கிடந்தன. பெரியக்கா உப்பை அள்ளிப் போட்டாள், கலக்கினாள், மூடினாள். பன்னிரண்டே காலுக்கு ஸ்பூனை எடுத்தாள். சூப் வாசனை மூக்கில் ஏறியதும் வயிறு ஒரு குரல் கொடுத்தது. ஸ்பூன் உதடு வரைக்கும் வந்தது.

ஒரு பருக்கை பட்டாலும் பாழ்.

ஸ்பூனை அப்படியே இறக்கினாள். நிறத்தைப் பார்த்தாள், ஆவியைப் பார்த்தாள், கேரட் வெந்திருப்பதைப் பார்த்தாள்.

"பார்த்தாச்சு" என்றாள்.

வண்டி போய்விட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் முதலில் பெரிய பாத்திரத்துக்காரர்கள்தான் கத்தினார்கள். "என்ன இது, வெந்நீரா? உப்பு விலை ஏறிடுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டே உப்புக் குப்பியைக் கொடுத்தனுப்பினாள். அப்போதுதான் ஜன்னலோரத்து மேஜையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பேருந்து கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயக் கோளாறு, கால் வீக்கம். நீல மூடிக்காரர்.

"பெரியக்கா! எட்டு மாசமா இந்தச் சூப்பைக் கஷாயம் மாதிரி முழுங்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் வாய்க்கு விளங்குது. ரெண்டு கிண்ணம் ஆச்சு, இன்னொரு டிக்கெட் கிழிங்க!"

பெரியக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. நர்ஸ் விறுவிறுவென்று வந்து அவர் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "ஐயோ" என்று பதினோரு கிண்ணத்தையும் வாரிக்கொண்டு போனாள்.

நிர்வாகி அம்மா சமையலறைக்கு வந்தபோது மணி ஒன்று.

"பெரியக்கா, நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றாள் பெரியக்கா. பொய் இல்லை, பார்த்தாள்தான். ஆனால் சொல்லும்போதே காது மடல் சுட்டது.

"நீங்க பார்த்த பிறகு எப்படி இப்படி ஆகும்?"

பெரியக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மின்னல் சொன்னாள்: "நான்தான்மா. மேடையைத் துடைக்கும்போது மூடியை மாத்தி மூடிட்டேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? பதினோரு பேர் உயிர்மா அது."

"தப்புதான்மா."

நிர்வாகி அம்மா பெரியக்காவைப் பார்த்தார். ஏதாவது சொல்வாளோ என்று ஒரு கணம் காத்திருந்தார். பெரியக்கா மேடையில் இல்லாத ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. மாசக் கடைசியில பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மின்னல் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றாள் பெரியக்கா, திரும்பாமலே.

"ஸ்பூனைக் கழுவ எடுத்தேன்க்கா. முதுகுப் பக்கம் வரைக்கும் சூப்பு அப்படியே காஞ்சிருந்துச்சு. நக்கின ஸ்பூனுக்கும் நக்காத ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா...?"

மின்னல் குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்து பெரியக்கா கேட்டதே இல்லை.

"காலையிலேர்ந்து உங்க கை நடுங்குது. டீ வேணாம்னீங்க, பிஸ்கட்டைத் தள்ளி வச்சீங்க. என்கிட்ட ஒரு சண்டைகூடப் போடல. வீட்டுல ஏதோ பெரிய துக்கம், வெளிய சொல்ல முடியல போலன்னு நெனச்சேன். அந்த நேரத்துல உங்களைப் போய் நாலு பேர் முன்னாடி நிக்க வைக்கணுமா? எனக்கென்ன, இந்த இடம் இல்லன்னா இன்னொரு இடம்."

இன்னொரு இடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பெரியக்காவுக்கு உடம்பே கூசியது. கைப்பைக்குள் அந்தப் பாட்டில் இருந்தது. துக்கமாம். சட்டத்துக்குள் முழுசாக அடங்கவேண்டும் என்கிற துக்கம். ஒரு பெரிய நோய் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கும் சேர்த்துக் கூசியது.

பாட்டிலை எடுத்து மேடையில் வைத்தாள்.

"என்னக்கா இது, ரத்தம் மாதிரி?"

"ஜூஸ். மூணு நாளைக்கு இதுதான். மெலியறதுக்கு."

மின்னல் பாட்டிலைப் பார்த்தாள், பெரியக்காவைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று பெரியக்கா காத்திருந்தாள். சிரித்திருந்தால் தேவலை. அவள் திரும்பி நின்று, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

பெரியக்கா ஏப்ரனைக் கழற்றிவிட்டு நிர்வாகி அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மூடி மாறலம்மா. உப்பை மாத்திப் போட்டது நான். ருசியும் பார்க்கல."

"பார்த்தேன்னு சொன்னீங்களே?"

"கண்ணால பார்த்தேன்."

"அப்படின்னா?"

"வாயில வைக்கல. ஜூஸ் மட்டும் குடிக்கிற விரதம் மாதிரி ஒண்ணு... உடம்பு குறையறதுக்கு."

நிர்வாகி அம்மாவின் கண் தன்னையறியாமல் பெரியக்காவின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை போய் வந்தது. போட்டோ எவ்வளவோ மேல்.

"அந்தப் பொண்ணு ஏன் தன் தலையில போட்டுக்கிச்சு?"

"எனக்கு ஏதோ கஷ்டம்னு நெனச்சுட்டா. அவ பேர்ல ஒண்ணும் எழுதிடாதீங்க. எழுதறதுன்னா என் பேர்ல எழுதுங்க."

"எழுதத்தான் போறேன்" என்றார் அவர். கோபமாக இல்லை, களைப்பாக. "கண்டக்டர் ஐயாவுக்கு பிரஷர் ஏறியிருக்கு. டாக்டர் வந்து பார்த்துட்டு, பயம் இல்லன்னு சொல்லிட்டார். நாளையிலேர்ந்து உங்களோட அந்தப் பொண்ணும் ருசி பார்க்கட்டும். ரெண்டு பேர் சொன்னாத்தான் வண்டி நகரும்."

பத்தொன்பது வருஷத்துச் சொல் பாதியாகிவிட்டது. பெரியக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

போகிற வழியில் நர்ஸ் அவளைப் பிடித்து எடைக் கருவியில் ஏற்றினாள். "யாருக்கோ கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தபடி குனிந்து முள்ளைப் பார்த்தாள். "போன மாசம் பார்த்ததைவிட ஒண்ணேகால் கிலோ குறைஞ்சிருக்கு. சந்தோஷமா?" பெரியக்கா இறங்கி, சமையலறைக்குப் போய் நின்றபடியே இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றாள். தண்ணீரை நீட்டியது மின்னல்தான்.

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு மேடைமேல் இரண்டு ஸ்பூன் இருந்தன. நீல மூடியை முதலில் திறந்தார்கள். பெரியக்கா ஊதி, நாக்கில் வைத்து, கண்ணைப் பாதி மூடினாள். "பார்த்தாச்சு" என்றாள். மின்னலுக்கு அந்தச் சொல் சொல்ல வெட்கம். நாக்கைச் சப்புக்கொட்டி, "நானும்" என்றாள்.

ஜன்னலோரத்து மேஜைக்குப் பெரியக்காவே கிண்ணத்தைக் கொண்டுபோனாள். கண்டக்டர் ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"பழைய வண்டி பழைய ரூட்லயே ஓடுதே! நேத்து யாரு சமைச்சது? அந்த மகராசியைக் கூப்பிடுங்க."

"நான்தாங்க. உங்க பாத்திரத்துல தெரியாம உப்பைப் போட்டுட்டேன். ருசி பார்க்காமலேயே அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"நல்ல தப்பு. மாசத்துக்கு ஒருதரம் பண்ணுங்க" என்று சிரித்தார். மூச்சு கொஞ்சம் இரைத்தது.

அவருடைய கால் இரண்டும் ஸ்டூலின் மேல் நீட்டிக்கிடந்தன. காலுறையின் ரப்பர் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. நேற்றைய உப்புக்குச் சுற்றிலும் சதை மினுமினுவென்று இன்னும் வீங்கியிருந்தது. பெரியக்கா தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன பெரியக்கா, என் காலையே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள். தட்டைக் கீழே வைத்து, குனிந்து அவர் காலுறையை மெல்லத் தளர்த்திவிட்டாள்.