கைக்கெட்டும் தூரம்

நூற்று நாற்பத்து மூன்று மணி நேரமாக, மதிவதனியின் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் ஓடவில்லை. ஒரகடத்து விடுதியில் அவள் தலைமாட்டு மேசை விசிறி முதலில் நின்றது. பிறகு கைக்கடிகாரம், பக்கத்து அறைப் பெண்ணின் மிக்ஸி. படப்பை ஷேர் ஆட்டோ அவள் ஏறியதும் அணைந்தது, இறங்கியதும் தானாக உறுமியது. "யக்கா, கோச்சிக்காத, நடந்தே பூடு. இன்னும் ஆறு பேரு கீறாங்க," என்றான் ஓட்டுநர் பையன். டீக்கடையில் மாஸ்டர் ஆற்றிய டீ அந்தரத்தில் நின்றது. அவள் கடந்து போகும்வரை கையை ஆட்டாமல் இருந்துவிட்டு, மிச்சத்தை ஆற்றினார். மூன்றாம் நாளுக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. மாவு மில்காரர் பெல்ட் மாட்ட மில்லை நிறுத்த வேண்டியபோதெல்லாம் அவளுக்கு ஆளனுப்பினார்.

மதிவதனிக்குத்தான் பழகவில்லை. உட்கார்ந்தவள் எழுந்தாள், படுத்தவள் நடந்தாள். கார் பாகங்கள் செய்யும் ஆலையில் பிரஸ் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுபவள் அவள். பிரஸ்ஸின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை உண்டு. கை குறுக்கே போனால் இயந்திரம் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஏழாம் பிரஸ் நிற்கவில்லை. சாத்தூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்த தங்கமாரி என்ற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆம்புலன்ஸ் கிளம்பிய கையோடு மதிவதனி நிரலைத் திறந்து ஒரே ஒரு வரியைச் சரிசெய்தாள். மறுநாள் சோதித்தபோது ஒளித்திரை ஒழுங்காக வேலை செய்தது. தவறு தங்கமாரியுடையது என்று ஆகிவிட்டது. விசிறி நின்றது அந்த வெள்ளிக்கிழமை மாலைதான்.

வியாழக்கிழமை மாலை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் தங்கமாரிக்கு வேலை போய்விடும். லைன் சூப்பர்வைசர் கோதண்டம் மதிவதனியை வாசலிலேயே மறித்தார். "இன்னாம்மா, மூஞ்சியே செரியில்ல? நீ ஒண்ணும் பேச வாணாம். அந்தப் பொண்ணு ஊருக்குப் பூடும், மேட்டர் ஓவர்." அவள் உள்ளே போய் ஏசிக்கு அடியில் உட்கார்ந்தாள். ஏசி நின்றது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஹெச்.ஆர். அதிகாரி எழுந்து சன்னலைத் திறந்துவிட்டு வந்து, கையை ஏன் உள்ளே விட்டாய் என்று தங்கமாரியைக் கேட்டார்.

"பீஸு மாட்டிக்கிட்டா கையாலதான சார் எடுப்போம்? கை போனா நின்னுரும்ல," என்றாள் தங்கமாரி. கட்டுப்போட்ட கை மடியில் இருந்தது. "அன்னைக்கி ஏன் நிக்கலன்னு மெசினைத்தான் கேக்கணும்."

"மிஷினு செரியாத்தான் கீது," என்றார் கோதண்டம்.

மதிவதனி எழுந்து நின்றாள்.

"ஆயுத பூஜைக்கு பிரஸ்ஸுக்கு மாலை போட்டாங்க சார். மாலை சேஃப்டி லைட்டை மறைச்சுது, பிரஸ் ஓடல. மாலையைக் கழட்டக் கூடாதுன்னாங்க. பூஜை முடியற வரைக்கும்தானேன்னு லைட்டை நான்தான் புரோகிராம்ல ஆஃப் பண்ணேன். மாலை வாடினதும் எடுத்துட்டாங்க. நான் திருப்பிப் போடல. தங்கமாரிக்கு விரல் போன அப்புறந்தான் போட்டேன்."