பட்டை வாசம்

குப்பியைத் திறந்தால் போதும், பட்டை வாசம் ஆளைத் தூக்கும். இராக்கில் பஸ்ரா நகரப் பல்கலைக்கழகமொன்றின் வேதியியல் துறை வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் ஒரு நொடி நின்று, இன்றைக்கு யார் தேநீர் போட்டது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். குப்பியில் இருப்பதைச் செய்த ஆய்வு மாணவி நிப்ராஸுக்கு மட்டும் அந்த வாசம் வேண்டாத விருந்தாளி.

விஷயம் இதுதான். பட்டைக்கு அந்த வாசத்தைத் தருகிற ஆல்டிஹைடையும் ஓர் அமைனையும் சேர்த்துக் காய்ச்சினால், நடுவிலிருந்து தண்ணீர் கழன்றுகொள்ள, இரண்டும் ஒட்டி இமைன் ஆகும். அந்த இமைன் ஓர் உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் அணைவுச் சேர்மம்; அது கிருமியைக் கொல்லும் என்று காட்டுவதுதான் நிப்ராஸின் ஆய்வு. ஒழுங்காக ஒட்டியிருந்தால் பட்டை வாசம் போயே போயிருக்க வேண்டும். கழன்ற தண்ணீர் திரும்பி வந்தால்தான் வம்பு. ஒட்டியதெல்லாம் பிரிந்து பழைய வாசமும் வந்துவிடும். கடல் பக்கமிருந்து ஈரமான ஷர்ஜிக் காற்றடிக்கும் ஆகஸ்டில் பஸ்ராவில் ஈரத்துக்கா பஞ்சம்? சுவரே வியர்க்கிறது. குப்பிகளை உலர்வாக வைத்திருக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் நீலமாக இருக்கவேண்டிய மணிகள், யாரும் சூடாக்கி உலர்த்தாமல், ஈரம் குடித்து எப்போதோ இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தன.

ஆக, அவள் செய்த அணைவு பிரிந்துவிட்டது. கிருமியைக் கொல்வது அணைவா, வெறும் பட்டையா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வழிகாட்டி டாக்டர் கஸ்வானிடம் போய்ச் சொன்னாள். கஸ்வான் நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் ஆய்வு செய்த அத்தனை பேரின் ஆய்வேட்டிலும் கடைசி வரி ஒன்றே ஒன்று: 'அணைவுச் சேர்மங்கள் மூல இமைனைவிட அதிக வீரியம் காட்டின.' அந்த வரியை முதலில் தட்டச்சு செய்துவிட்டுத்தான் அவர் பிள்ளைகளை அடுப்பு பற்றவைக்கவே விடுவார். நிப்ராஸ் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மகளே, மூக்கால ஆராய்ச்சி பண்றதுன்னா அத்தர் கடைக்கு வேலைக்குப் போயிருக்கலாமே. நிறமாலை வரைபடம் என்ன சொல்லுது?"

"அது புதுசா செஞ்ச அன்னிக்கு எடுத்தது, டாக்டர்."

"அப்போ அன்னிக்கு நல்லா இருந்துச்சில்ல? அது போதும்."

மறுபடி செய்யலாமா என்று கேட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று, இந்த முறை வாய்மொழித் தேர்வு நடக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து பேரையே அடித்துவிடுவார்கள் என்று அவர் நினைவூட்டினார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தூக்கம் போயிருந்தது.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கிருமி வளர்த்த கூழ்த் தட்டில் செப்பு அணைவுக்கு ஒரு குழி, இமைனுக்கு ஒரு குழி என்று வெட்டியபோது, ஓரமாகக் கூடுதலாக ஒரு குழி வெட்டி, வெறும் பட்டை ஆல்டிஹைடை அதே கரைப்பானில் கரைத்து ஊற்றினாள். காலையில் வந்து பார்த்தால் செப்பைச் சுற்றி எவ்வளவு வளையமோ, பட்டையைச் சுற்றியும் அவ்வளவே. கிருமிகள் பாரபட்சம் பார்க்கவில்லை. கஸ்வான் அந்தப் புகைப்படத்தை வாங்கிப் பார்த்து, ஓரம் அழகாக இல்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார்.

தேர்வு நாளன்று அரங்கம் கல்யாண வீடாக இருந்தது. அம்மா, மாமிகள், அவர்கள் தூக்கி வந்த பூங்கொத்துகள், வெளியே நீள மேஜையில் பேரீச்சை வைத்த கிளைச்சா, கறி அடைத்த குப்பா, பக்லாவா. வெளித்தேர்வாளர் டாக்டர் முஸாஹிம் மோசுலிலிருந்து புழுதியோடு வந்து தொண்டை கட்டிப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா ஒரு பிளாஸ்க் நிறையப் பட்டைத் தேநீரும் போட்டு வந்திருந்தாள்.

முஸாஹிம் என்றால் துறையே நடுங்கும். இந்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார் என்று நிப்ராஸ் பயந்தாள். கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று ஏங்கவும் செய்தாள். அவரோ முதல் மணி நேரம் முழுக்கக் காற்புள்ளிகளைத்தான் வேட்டையாடினார். பக்க ஓரம் போதாது என்றார். நன்றியுரையில் துறைத்தலைவர் பெயர் பிந்தி வருகிறது என்றார். பிறகு குப்பியைக் கேட்டு வாங்கித் திறந்து முகர்ந்தார். நிப்ராஸ் அவர் முகத்தையே பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ், என்ன வாசம்!" என்று சொல்லி மூடிவைத்துவிட்டார்.

வந்ததே கோபம் அவளுக்கு. அந்த நேரம் பார்த்து முஸாஹிம் அம்மாவின் தேநீரை ஒரு வாய் குடித்து, தொண்டையைச் செருமி, இந்தத் தொண்டைக் கிருமிக்கெல்லாம் மருந்து மாத்திரை தண்டம், பட்டைதான் சரி என்றும் சபைக்கு அறிவித்தார்.

"டாக்டர், குப்பியில இருக்கறதும் அதுதான்," என்றாள் நிப்ராஸ். "அணைவு உடைஞ்சு போச்சு. கிருமியக் கொன்னது பட்டை. நானே தனியா வச்சுப் பார்த்தேன்."

தன் தேநீரைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்கிறாள் என்று அம்மா பூரித்துப் போனாள். கஸ்வான் மேஜை விரிப்பின் பூவேலையை ஆராய்ந்தார். முஸாஹிம் குப்பியை மறுபடி முகர்ந்தார், கோப்பையை முகர்ந்தார், மறுபடி குப்பியை. புரிந்துவிட்டது அவருக்கு. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பேர் போயிற்று, படிப்பு போயிற்று என்று நினைத்தபடி நிப்ராஸ் வராந்தாவில் நின்றாள். அழுகை வந்தாலும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

திரும்ப அழைத்தபோது முடிவு: மிக நன்று. திருத்தங்கள் சிறியவை. காற்புள்ளிகள். பிறகு, 'எதிர்கால ஆய்வுக்கான பரிந்துரைகள்' பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வெறும் பட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கலாம்.

"அதை நான் செஞ்சு முடிச்சிட்டேன், டாக்டர்," என்றாள் நிப்ராஸ் தாழ்ந்த குரலில்.

முஸாஹிம் அவளைக் கனிவாகத்தான் பார்த்தார். "செய்யணும்னு எழுதினா அது பரிந்துரை, மகளே. செஞ்சாச்சுன்னு எழுதினா உன் பட்டமும் போகும், உங்க டாக்டர்கிட்ட படிச்சவங்க பட்டமெல்லாம் கேள்வியாகும். எது வேணும்?"

கஸ்வான் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சமல்ல, ஆனாலும் வாங்கிக்கொண்டாள். முடிவு தெரிந்து வெளியே மாமிகள் குலவையிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதி முடித்தாள். காற்புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் முஸாஹிம் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.