மூன்று நாள் தொடர்ந்து இரண்டு

என் பொறுப்பில் நாற்பது நோயாளிகள் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிறந்தவர் இல்லை. எல்லாரும் நானே உண்டாக்கியவர்கள்.

எங்கள் நிறுவனம் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு நோயாளியின் போனுக்கு, அவர் பெயரைச் சொல்லி, ஒரு குறுஞ்செய்தி போகும். 'மாத்திரை சாப்பிட்டீர்களா? ஆம் எனில் 1, இல்லை எனில் 2 என அனுப்பவும்.' மூன்று நாள் தொடர்ந்து 2 வந்தால், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓர் எச்சரிக்கை போகும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்கு ஒன்பது பேர் பதினான்கு மாதம் உழைத்தோம்.

என் வேலை சோதிப்பது. மற்றவர்கள் கட்டுவதை நான் உடைத்துப் பார்த்து, கண்ட பிழைகளை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ப்ரோகிராம் எழுதும் டெவலப்பர் எனக்கு வைத்த பெயர் குற்றப்பத்திரிகை. காலையில் நான் பையை நாற்காலியில் மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"குற்றப்பத்திரிகை வந்தாச்சு. இன்னிக்கு எத்தனை கேஸ்?"

"மூணு."

"கொலைக் கேஸ் உண்டா?"

"ஒண்ணு. பேரு ரொம்ப நீளமா இருந்தா ஆளையே காணோம்."

"அவ்வளவு நீளமா பேரு வெச்சவங்களைப் பிடிச்சு உள்ள போடுங்க மேடம். என்னை ஏன் பிடிக்கிறீங்க?"

எனக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்த நீண்ட உரையாடல்கள் பெரும்பாலும் இந்த அளவுதான். அதன் பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் தன் திரைக்குள் போய்விடுவார், நான் என் திரைக்குள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எதிர்க் கட்டடத்திலும் அதே மாதிரி நாற்காலிகள், அதே மாதிரி முதுகுகள். மாலையில் வீட்டுக்குப் போனால் பிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலை பூட்டிய வாய் திங்கட்கிழமை காலை 'மூணு' என்று சொல்லத்தான் திறக்கும்.

அதனால்தானோ என்னவோ, அந்த நாற்பது பேருக்கும் தேவைக்கு மேல் வாழ்க்கை கொடுத்துவிட்டேன். சோதனைக்கு வயதும் மாத்திரையின் பெயரும் இருந்தால் போதும். நான் ஒருவரைக் கப்பல் சமையல்காரர் ஆக்கினேன். ஒரு பெண்மணிக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டு பேரும் அவரோடு பேசுவதில்லை. நீச்சல் தெரியாத நீச்சல்குளக் காவலாளி ஒருவர் இருந்தார். இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் பதிய இடமில்லை. என் மனதில்தான் இருந்தது. நாற்பது பேருக்கும் பராமரிப்பாளர் என்ற கட்டத்தில் என் எண்ணைப் போட்டிருந்தேன். நிஜமான யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்பதால், டெவலப்பரின் சின்ன ப்ரோகிராம் ஒன்று ஒன்பது மணிவரை பதில் வராதவர்களுக்காக 1, 2 என்று தன் இஷ்டத்துக்குப் பதில் போட்டுவிடும். அவ்வப்போது என் போனுக்கு எச்சரிக்கை வரும். வந்ததைப் படம் பிடித்து ஒட்டி, 'சரியாக வேலை செய்கிறது' என்று பச்சைக் குறி போடுவேன்.

முப்பத்தொன்பது பேருக்கு யாருக்கும் சொந்தமில்லாத எண்களைக் கொடுத்திருந்தேன். ஆனால் நிஜமான ஓர் எண்ணைச் செயலி ஏற்கிறதா என்றும் பார்க்க வேண்டுமே. அதற்கென்று அலமாரியில் ஒரு பழைய போன் இருந்தது; அன்று அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. என் எண்ணைத் தவிர எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. விரல்கள் அதைப் போட்டுவிட்டன. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெயர் என்ற கட்டத்தில் 'குண்டூசி' என்று எழுதினேன்.

குண்டூசி என் அக்கா. ஒல்லி, உயரம், எங்கே தொட்டாலும் குத்தும் என்பதால் எட்டு வயதில் நான் வைத்த பெயர். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்காவோடு நான் பேசி ஒன்றே கால் வருடம் ஆகியிருந்தது.

அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். கூட வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வாரம் வேறொரு வேலை முடிக்க வேண்டியிருந்தது, நாளை, நாளை என்று நான்கு நாள் போய்விட்டது. கடைசியில் பூங்கொத்து ஒன்றை ஆன்லைனில் அனுப்பினேன். சாயங்காலம் அவளே போன் செய்தாள். "பூ கொண்டாந்த ஆளு ரொம்ப நல்லவரு. உள்ள வந்து, எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, தண்ணி எடுத்துக் குடுத்துட்டுப் போனாரு. இனிமே நீ எதுக்கு அலையணும்?" என்றாள். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அவள் வைத்துவிட்டாள். ஆத்திரத்தில் அவள் எண்ணைப் போனிலிருந்து அழித்தேன். மனதிலிருந்து அழிக்க வழி தெரியவில்லை.

சோதனைக் காலத்தில் செய்திகள் எதுவும் வெளியே போகாது. அது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. செயலி அனுப்புவதாக நினைத்துக்கொள்ளும். செய்தி ஒரு பெட்டிக்குள் விழுந்து அங்கேயே கிடக்கும். நான் சொன்ன நம்பர்களுக்கு மட்டும் வெளியே போகும் மதகைத் திறந்துவிடுவது சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரின் வேலை. எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க என் எண்ணுக்கு மட்டும் திறக்கச் சொல்லியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, தரவுகளைப் பார்த்துக்கொள்கிற டேட்டாபேஸ் அண்ணன் என் மேசைக்கு வந்தார். எங்களில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். திங்கட்கிழமை செயலி வெளியாகிறது. அதற்கு முன் சோதனைக்காகப் போட்ட எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கித் தருவது அவர் பொறுப்பு.

"அஞ்சு மணிக்கு உன் ஊரையே காலி பண்றேன். யாருக்காவது டாட்டா சொல்லணும்னா சொல்லிக்கோ."

"சொல்லிட்டேன் அண்ணா."

"ஆனா ஒண்ணு. நீ நல்லா நடிக்கிற. அந்தக் குண்டூசி கேரக்டரு அருமை. மத்தவங்க எல்லாம் 1, 2ன்னு போடுறாங்க. இது ஒண்ணு மட்டும் கதையே பேசுது."

எனக்குப் புரியவில்லை. அவர் திரைக்குப் போய்ப் பார்த்தோம். உள்ளே வந்த பதில்களின் பட்டியல், தேதிவாரியாக. குண்டூசி என்று தேடிக் காட்டினார்.

முதல் நாள், காலை எட்டு மூன்று: 'யாரு இது'.

செயலியின் பதில்: 'மன்னிக்கவும், புரியவில்லை. ஆம் எனில் 1, இல்லை எனில் 2 என அனுப்பவும்.'

'இந்தப் பேரு ஒருத்திக்குத்தான் தெரியும். நீதானே?'

'மன்னிக்கவும், புரியவில்லை.'

'எப்படி இருக்க. சாப்பிடுறியா ஒழுங்கா'

'மன்னிக்கவும், புரியவில்லை.'

'இதோட மூணு தடவை மன்னிப்பு கேட்டுட்ட. அன்னிக்கு ஒரு தடவை கேட்டிருந்தா தீந்திருக்கும்.'

'மன்னிக்கவும், புரியவில்லை.'

அதற்குப் பிறகு அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் காலை எட்டு ஒன்றுக்கு: '1'. அடுத்த நாளும் 1. பத்து நாள், எட்டு மணி ஆகி ஒரு நிமிடத்துக்குள், 1. ஒருநாள் '1 இங்க மழை' என்று வந்திருந்தது. செயலி வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டது. உடனே வெறும் 1.

பிறகு 2. மறுநாள் 2. அதற்கு மறுநாளும் 2.

"மதகை யாருக்கெல்லாம் திறந்தாங்க அண்ணா?" என்றேன்.

சர்வர்காரர் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். "உன் லிஸ்டுல இருந்த எல்லா நம்பருக்கும்தான். ஒவ்வொண்ணா எவன் சேப்பான்? மெயில்கூடப் போட்டேனே, படிக்கலையா?"

படிக்கவில்லை. சர்வர்காரர் நாளுக்கு முப்பது மெயில் போடுவார்.

பட்டியலுக்குத் திரும்பினேன். மூன்றாவது 2க்குச் செயலி அனுப்பியிருந்த பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம். 'கவலைப்பட வேண்டாம். உங்கள் பராமரிப்பாளர் உங்களை அழைப்பார்.'

அந்த வாக்கியத்துக்கு ஒரு கதை உண்டு. முதலில் அது 'பராமரிப்பாளருக்கு எச்சரிக்கை அனுப்பப்படும்' என்று இருந்தது. எங்களுக்கு வாசகங்கள் எழுதித் தருகிறவள் மாற்றினாள். "எச்சரிக்கைன்னா போலீஸ் வர்ற மாதிரி இருக்கு. அழைப்பார்னு போட்டா ஒரு ஆறுதல்." நான் உடனே ஒரு குற்றம் பதிந்தேன். 'வாசகம் வாக்குக் கொடுக்கிறது. எச்சரிக்கை போய்ச் சேர்வதுவரைதான் நம் கையில். அவர் அழைக்காவிட்டால்?' டெவலப்பர் அதன்கீழ் ஒரு வரி எழுதி மூடிவிட்டார். 'மனிதர்கள் அழைப்பதும் அழைக்காததும் நம் வேலையின் எல்லைக்குள் வராது.' நியாயமாகத்தான் பட்டது. நானும் ஒப்புக்கொண்டேன்.

என் போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளினேன். அங்கே இருந்தது. 'குண்டூசி மூன்று நாட்களாக மாத்திரை சாப்பிடவில்லை. தயவுசெய்து அழைக்கவும்.' அன்று காலை அதைப் பார்த்தேன், படம் பிடித்தேன், ஒட்டினேன், பச்சைக் குறி போட்டேன். ப்ரோகிராம் போட்ட 2 என்று நினைத்தேன். அதன் பிறகு தேநீர் குடிக்கப் போயிருப்பேன்.

பட்டியலில் மறுநாள்: 'யாரும் கூப்பிடல'. செயலி மன்னிப்புக் கேட்டிருந்தது. அதன் பின் மறுபடியும் 2, 2, 2. மறுபடியும் அதே ஆறுதல். என் போனில் இரண்டாவது எச்சரிக்கை, அதற்கும் பச்சைக் குறி. பிறகு மூன்றாவது முறை. கடைசி 2 இன்று காலை வந்தது. இன்றைய எச்சரிக்கையை இன்னும் ஒட்டவில்லை. சாயங்காலம் மொத்தமாக ஒட்டலாம் என்று வைத்திருந்தேன்.

"யாரும்மா அது?" என்றார் அண்ணன்.

"எங்கக்கா."

"நிஜ ஆளு நம்பரைப் போட்டது தப்பு. நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

"இதைக் காப்பி எடுத்துக் குடுக்கவும் முடியாது. அஞ்சுன்னா அஞ்சு."

"தெரியும் அண்ணா."

"அப்போ இங்க நின்னு என்னத்தைப் படிச்சிக்கிட்டிருக்க? போ."

சின்ன மீட்டிங் அறை காலியாக இருந்தது. நான்கு நாற்காலி, வெள்ளைப் பலகையில் யாரோ பாதியில் விட்ட அம்புக்குறிகள். கதவைச் சாத்தியதும் விளக்கு தானாக எரிந்தது. எண்ணைப் போட்டேன், பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைவு இல்லையென்று விளக்கு அணைந்தது.

அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. இருபது நாளாகக் காலை எட்டு மணிக்குத் தங்கை கேட்கிறாள், கோபம் போகாததால் மெஷின் மாதிரி பேசுகிறாள், ஆனாலும் ஒருநாள் தவறாமல் கேட்கிறாள். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். 'ஆமா, நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஐந்து மணிக்கு மேல் யாராலும் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் பச்சைக் குறி போட்டுப் போட்டு எனக்கு அலுத்திருந்தது. பொத்தானை அழுத்தினேன். அந்த அசைவில் விளக்கு எரிந்தது.

நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா."

"யாரு, பராமரிப்பாளரா?"

"ம்."

"மூணு நாள்னுதானே போட்டிருந்துச்சு. ஒம்பது நாளா அமுக்கிட்டு இருக்கேன்."

"மாத்திரை போடுறியா இல்லையா?"

"அதெல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். உன்மேல இருக்கிற கோவத்துக்கு என் உடம்பைக் கெடுத்துக்க நான் என்ன லூசா?"

குழாயை மூடும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன்.

"அக்கா, அதை நான் அனுப்பல. மெஷின் அனுப்பினது. டெஸ்டிங்குக்காகப் போட்டு வெச்சது. நீ எழுதினது எதையும் நான் படிக்கல. இப்பத்தான் பார்த்தேன், பத்து நிமிஷம் முன்னாடி."

விளக்கு மறுபடி அணைந்துவிட்டது. கையை ஆட்டி எரிய வைக்கத் தோன்றவில்லை.

"எதையுமா?"

"எதையும்."

"மழைன்னு சொன்னேனே."

"இப்பத்தான் பார்த்தேன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. குத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். குத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இத்தனை நாளும் நான் தனியாத்தான் பேசிட்டு இருந்திருக்கேன்," என்றாள் தனக்குத்தானே போல. பிறகு, "பேரு?" என்றாள்.

"பேரு நான்தான் வெச்சேன்."

"நம்பரு?"

"அதுவும் நான்தான். மனசுல இருந்தது அது ஒண்ணுதான்."

கண்ணாடிக்கு அப்பால் டேட்டாபேஸ் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வருமா அது?" என்றாள் அக்கா.

"வராது. அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க."

"ஓ."

அந்த ஒற்றை எழுத்தில் அவள் வீட்டுச் சமையலறை, துடைத்து வைத்த மேசை, எட்டு மணிக்காகத் திரை மேலே தெரியும்படி திருப்பி வைத்த போன் எல்லாம் எனக்குத் தெரிந்தன. என் வீட்டைப் போலவே இருந்தது அது.

"நான் கேக்குறேன்," என்றேன். "எட்டு மணிக்கு."

"மறந்துடுவ."

நான் மறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முன்பும் சொல்லியிருக்கிறேன்.

"மறந்தாலும் மறந்துடுவேன்," என்றேன்.

அவள் மூக்கால் ஒரு சத்தம் செய்தாள். சிரிப்பா இல்லையா என்று சோதித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

"சரி, மூணு நாள் பாப்பேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நான் வெளியே வந்தபோது மணி ஐந்து ஐந்து. அண்ணன் தன் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். நோயாளிகள்: 0. கப்பல் சமையல்காரரும் நீச்சல்குளக் காவலாளியும் போய்விட்டார்கள். என் இடத்துக்குப் போய், மூடிக் கிடந்த அந்தப் பழைய குற்றத்தைத் தேடி எடுத்து மறுபடி திறந்தேன். 'அவர் அழைக்காவிட்டால்?' என்ற என் கேள்வி அப்படியே இருந்தது. அதன்கீழ் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.