செடில் குத்தாத கை

என் கணவர் சிவகரனின் முதுகிலும் தொடையிலும் செடில் முள் குத்தி, உழவு இயந்திரத்தின் முன்னால் கட்டிய துலா மரத்தில் அவரைக் குப்புறத் தொங்கவிட்டிருந்தார்கள். முள் ஏறிய இடங்களில் தோல் இழுபட்டுக் கூம்பிக்கொண்டு நின்றது. இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. அவர் சிரித்தபடி வேப்பிலையை ஆட்டி, கீழே நின்ற பிள்ளைகளுக்குத் திருநீறு தூவினார். வாய்க்கால் கட்டு முழுக்கத் தவிலும் பறையும் அதிர்ந்தன.

நான் பின்னால் நடந்தேன், வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி. கற்பூரச்சட்டி ஏந்திய ஒரு பெண் என்னை முந்திப் போனாள். அவளுடைய சேலைத் தலைப்பு என் புறங்கையில் உரசியது. அவ்வளவுதான். கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் இருந்தது. கத்திவிட்டேன். சனம் துலாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"அங்க ஒருத்தன் உடம்பெல்லாம் முள்ளுக் குத்தித் தொங்குறான், ஒரு சத்தம் இல்லை," என்றார் சிவகரனின் தமக்கை கமலாசனி மச்சாள். "நீ சீலை பட்டதுக்குக் குளறுறாய். வெக்கமா இல்லையோ விமலேஸ்?"

"முள்ளை எனக்குக் குத்தச் சொல்லுங்கோ மச்சாள். இந்தக் கையை அவருக்குக் குடுப்பம்."

"வாயில மட்டும் ஒரு நோவும் இல்லை," என்று மச்சாள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

போன மாரியில் மோட்டார் சைக்கிள் சறுக்கியபோது முறிந்த மணிக்கட்டு அது. ஓடியவர் சிவகரன். நான் பின்னால் இருந்தேன். எலும்பு நேராகப் பொருந்திவிட்டது, எக்ஸ்றே அப்படித்தான் சொல்கிறது. கையில் போட்ட மாவுக்கட்டை வெட்டிய பிறகுதான் மற்றது தொடங்கியது. காற்றுப் பட்டால் எரிவு. சவர்க்கார நுரை பட்டால் எரிவு. நுளம்பு வலை உரசினால் எழும்பி இருந்து அழவேண்டும். கை சில வேளை சிவந்து வேர்க்கும். அதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை.

காட்ட ஒன்றும் இல்லாததுதான் என் குற்றம். இந்த ஊரில் கால் இல்லாதவர்கள் வயல் செய்கிறார்கள். தலைக்குள் யுத்தகாலத்துச் செல்துண்டு கிடக்கிறவர்கள் சைக்கிள் ஓடுகிறார்கள். ஆளுக்கு ஒரு தழும்பு உண்டு, அதற்கு ஒரு கதையும் உண்டு. தழும்பில்லாத நோவை இங்கே யாரும் கதிரை போட்டு இருத்துவதில்லை.

நகரத்து ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் குளிசை தந்தார். அதைப் போடத் தொடங்கிய பிறகு எரிவு போகவில்லை, ஆனால் தணிந்தது; திடீரென்று ஏதும் உரசினால்தான் பழையபடி கொதித்தது. இரவில் நித்திரை வந்தது. ஒருநாள் அந்தக் கையாலேயே அரிசி கழுவினேன். குசினியில் தனியே நின்று, தண்ணீருக்குள் விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயந்தேன்.

பிறகு மச்சாள் எங்கேயோ விசாரித்து வந்து, அது மனக்குழப்பக்காரருக்குக் கொடுக்கிற குளிசை என்றார். நரம்பு நோவுக்கும் அதைக் கொடுப்பார்கள் என்று டொக்டர் சொன்னதை நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. சிவகரன் என் கை சுகப்பட ஊர்க் கோயில் அம்மாளுக்குத் தூக்குக்காவடி நேர்ந்தார்.

காவடி முடிந்த பின்னேரம் அவர் கிணற்றடியில் குளித்துவிட்டு, முதுகில் திருநீறு அப்பியபடி வந்து இருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"இனி உனக்குக் குளிசை தேவையில்லை. காவடி எடுத்தால் குளிசையை விடுறது எண்டுதான் நேந்தனான்."

"குளிசை எங்க?"

"வாழையடியில கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன்."

நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். "என்ர கையை ஆர் நேரச் சொன்னது?"

"உனக்காகத்தானே நான் தொங்கினனான்?"

"நான் தொங்கச் சொன்னனானோ?"

அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்தார். இரவில் எரிவு திரும்பி வந்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஏறி நின்றது. நான் கையைத் தலையணைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் அவர் மூச்சு விடுவதைக் கேட்டபடி கிடந்தேன். அந்த மூச்சையே வெறுத்தேன். அவர் பொல்லாதவர் இல்லை. அதுதான் இன்னும் கோபம். பொல்லாதவர் என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

கிளினிக் நாள் வந்ததும் வெளிக்கிட்டேன். அவரும் வெளிக்கிட்டார். பஸ்ஸில் என் வலப்பக்கத்தில் சனம் முட்டாமல் யாராவது நிற்கவேண்டும். அதைவிட, டொக்டரிடம் சொல்ல அவருக்கு ஒரு சேதி இருந்தது.

"டொக்டர், குளிசை நிப்பாட்டியாச்சு," என்றார், இருக்கிறதுக்கு முன்னமே. "அம்மாளுக்கு நேத்திக்கடன். நான் தூக்குக்காவடி எடுத்தனான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவரை இருக்கச் சொன்னார். "செடில் குத்தேக்க நொந்ததோ அண்ணை?"

"ஒரு சொட்டும் இல்லை. எறும்பு கடிச்சமாதிரிக்கூட இல்லை."

"நம்புறன். காயம் பட்ட இடத்துச் சேதி நேர மூளைக்குப் போறேல்ல. முதல் முண்ணாணுக்கு வரும். பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பியள், முள்ளந்தண்டுக்குள்ள ஓடுறது. அங்க அதை மறிக்கலாம், கொஞ்சமா விடலாம், கூட்டியும் விடலாம். எவ்வளவு விடுறதெண்டு மூளை மேலயிருந்து கட்டளை அனுப்பும்."

"குளத்துத் துருசுக் கதவு மாதிரி," என்றார் சிவகரன். தண்ணீர்க் கதை என்றால் அவர் விடமாட்டார்.

"ஓம். விரதம், மேளம், நேத்தி எல்லாம் சேந்து, அண்டைக்கு உங்கட துருசு இறுக்கிப் பூட்டுப்பட்டுது. அக்காக்கு முறிவு மாறீட்டுது, துருசு பூட்டுப்படேல்ல. அதோட முண்ணாண் பழகிப்போச்சு. சொட்டுத் தண்ணி வந்தாலும் வெள்ளம் வருது எண்டு மேல அறிவிக்குது. அவா நடிக்கேல்ல. எரிவு உண்மை. குளிசை அந்தச் சத்தத்தைத்தான் குறைக்குது."

அவா நடிக்கவில்லை. அந்த ஒரு சொல்லை வேறொரு வாயிலிருந்து கேட்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

சிவகரன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப அம்மாள் ஒண்டும் செய்யேல்லையோ டொக்டர்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையின் எரிவை ஒத்துக்கொண்டால், தன் முதுகின் அமைதி வெறும் நரம்பாகிவிடும் என்று இந்த மனிசன் பயந்திருக்கிறார்.

"கட்டளை எந்த வழியால வருதெண்டு எனக்குத் தெரியும் அண்ணை," என்றார் டொக்டர். "ஆர் குடுத்ததெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

சிவகரனின் முகத்தில் அந்த வெளிச்சம் திரும்ப ஏறியது. என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியே? நான் சொன்னதுதான். மூளைதான் பூட்டுறது. நான் நம்பினன், பூட்டிச்சு. நீ நம்பேல்லை, அதுதான் திறந்து கிடக்கு. குளிசை எதுக்கு? மனசை வை, நிக்கும்."

டொக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பொறுக்கவில்லை. எழும்பி சிவகரனுக்குப் பின்னால் போனேன். தோள்பட்டைக்குக் கீழே, செடில் ஏறிய புண் ஒன்று எங்கே என்று எனக்குத் தெரியும். படுக்கையில் அவர் அந்தப் பக்கம் சாயாமல் கிடந்ததைப் பார்த்திருந்தேன். சேர்ட்டுக்கு மேலாக, இடது கைப் பெருவிரலால் அதை அழுத்தினேன்.

அவர் கதிரையோடு துள்ளி எழும்பினார். அவர் கத்திய சத்தத்தில், வெளியே வாங்கில் இருந்தவர்கள் கதவால் எட்டிப் பார்த்தார்கள்.

"மனசை வையுங்கோ," என்றேன். "நிக்கும்."

கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது அவருக்கு. என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னொருமுறை அழுத்தவேண்டும்போல் இருந்தது.

"அக்கா, இருங்கோ," என்றார் டொக்டர். குரலில் கண்டிப்பு இருந்தது. சேர்ட்டைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். "இதில ஒண்டு பழுத்திருக்கு. அதுதான் தொட்டவுடன இப்பிடி. மருந்து கட்டவேணும். குளிசையும் எழுதுறன்."

"அவர் குளிசை போடமாட்டார்," என்றேன். "நேத்தி."

சிவகரன் சேர்ட்டைப் போட்டபடி, என்னைப் பார்க்காமல், "எழுதுங்கோ டொக்டர்," என்றார்.

"அக்காக்கு?"

டொக்டர் அவரிடம்தான் கேட்டார் என்பதே எனக்கு எரிந்தது.

"என்னட்டைக் கேளுங்கோ டொக்டர். என்ர கை," என்றேன். "எழுதுங்கோ."

திரும்புகிற பஸ்ஸில் ஆசனம் கிடைத்தது. அவர் என் வலப்பக்கம் இருந்தார், முதுகை ஆசனத்தில் சாய்க்காமல், முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு. பஸ் குலுங்கும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்தார். கனதூரம் போன பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"உனக்கு எப்பவும் இப்பிடியோ?"

முறிந்த நாள்தொட்டு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வந்தபோது, அதற்கு ஒரு பழுத்த புண் தேவைப்பட்டிருக்கிறது என்பதுதான் மனதில் நின்றது. யன்னலுக்கு வெளியே வயல்கள் போயின. கையை மடியில் ஏந்தியபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மச்சாள் வந்து இருந்தார். மேசையில் வைத்த இரண்டு குளிசைப் பைகளையும் பார்த்து, "இதென்னடா தம்பி? நேத்தி என்ன மாதிரி? அம்மாள் சும்மா விடுவாவோ?" என்றார்.

சிவகரன் வாய் திறப்பார் என்று நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"நேந்தது நானில்லை எண்டு அம்மாளுக்குத் தெரியும் மச்சாள்," என்றேன்.

குளிசை அட்டையைப் பிதுக்க இரண்டு கை வேண்டும். சிவகரன் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இடது கையில் அட்டையைப் பிடித்து, ஈயத்தாளைப் பல்லால் கிழித்தேன். குளிசை நாக்கில் விழுந்தது, கசப்பு. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன்.