பெயருக்கு டாக்டர்

அப்பாவின் சட்டைக் காலரைத் தூக்கி டையை நுழைத்துக்கொண்டிருந்தாள் வெர்னீஸ். படுத்திருக்கிற ஆளுக்குக் கட்டிப் பழக்கமில்லாத கை. முடிச்சு இடப்பக்கமே சாய்ந்தது. சவ அடக்கத்துக்குப் பொறுப்பான பிளெட்சோ, "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

கல்லூரி முதல்வர் ஹார்குரோவ் விலகவில்லை. தொப்பியை மார்போடு அணைத்தபடி, மறுநாள் பேசப்போவதைப் பிணத்துக்கே ஒத்திகை காட்டிக்கொண்டிருந்தார். பெனியேல் கல்லூரியில் யார் செத்தாலும் முதல்வர்தான் பேசுவார். பேச்சில் செத்தவர் கொஞ்சம் வருவார், கல்லூரி நிறைய வரும், முதல்வர் முழுக்க வருவார்.

"நாளைக் காலைப் பேப்பர்ல வந்துரணும், வெர்னீஸ். 'டாக்டர் ஹார்குரோவ் தலைமையில்'னு தெளிவாப் போடணும்."

"நம்ம ஆளுங்களுக்கு அவங்க 'திரு'வே போட மாட்டாங்க சார். டாக்டருக்கு எங்க போறது?"

"நான் பேசுனா போடுவாங்க. வெள்ளைக்காரங்ககிட்டப் பேச ஒரு முறை இருக்கு."

"பேசுங்க. ஆனா அப்பா பேருக்கு முன்னால 'திரு' இல்லைன்னா எனக்கு அறிவிப்பே வேண்டாம்."

அலபாமாவின் அந்த மாவட்டத்தில் கறுப்பர் பள்ளிக்கூட வாத்தியார்களில் பாதிப் பேர் அப்பாவிடம் படித்தவர்கள். அவர்களுக்குச் சேதி போய்ச் சேர அந்த ஒரு பேப்பரை விட்டால் வேறு வழியில்லை. இருந்தாலும் வெர்னீஸ் விடுவதாக இல்லை. சில வருடம் முன்பு அம்மா இறந்தபோது அதே பேப்பர், 'பெசி டார்ப்ளி, கறுப்பினத்தவள், மூன்றாம் தெரு' என்று போட்டது, சலவைக்குப் போன துணியில் சீட்டுக் குத்தியதுபோல. அப்பா அதைப் படித்தார், மடித்தார், ஜியோமெட்ரி வகுப்புக்குப் போனார். அன்று கரும்பலகையில் அவர் போட்ட நேர்கோடு கோணலாகப் போனதைப் பையன்கள் வந்து சொன்னார்கள்.

முதல்வரின் பியூக் காரில் பேப்பர் ஆபீசுக்குப் போனார்கள். கவுண்டருக்குப் பின்னால் மிஸ் புரூயிட் உட்கார்ந்திருந்தாள். முதல்வர் குனிந்து வணங்கி, "இம்மாவட்டத்தின் அறிவுத் தோட்டத்தில் ஒரு பெருவிருட்சம்..." என்று தொடங்கினார்.

"சுருக்கமாச் சொல்லு," என்றாள் மிஸ் புரூயிட். "செத்தவன் பேரென்ன?"

முறையாகப் பேசத் தெரிந்தவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"திரு டார்ப்ளி," என்றாள் வெர்னீஸ்.

"திரு கிடையாது. உங்க ஆளுங்களுக்குத் திரு, திருமதி, ரெவரெண்டு, டாக்டர் ஒண்ணும் கிடையாது. முதல் பேரு, கடைசிப் பேரு. பத்திரிகை ஆசிரியரோட அப்பா காலத்துலேருந்து இதுதான் விதி."

வெர்னீஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். முதல்வர் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"அவசரப்படாதம்மா. 'டி. டார்ப்ளி'ன்னு போட்டுக்கலாம். காலேஜ்ல அப்படித்தானே இருக்கு?"

"அதுவும் கிடையாது," என்றாள் மிஸ் புரூயிட். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுருவோம்னு ஒத்தை எழுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறீங்க. எனக்குத் தெரியாதா? முதல் பேரை முழுசாச் சொல்லு."

வெர்னீஸ் வாசலருகே நின்றாள். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. அம்மாகூடக் கடைசிவரை 'மிஸ்டர் டார்ப்ளி' என்றுதான் கூப்பிட்டாள். மெல்லத் திரும்பிக் கவுண்டருக்கு வந்தாள்.

"டாக்டர்," என்றாள்.

"காது கேக்கலையா? இப்பத்தானே சொன்னேன்..."

"அதுதாங்க முதல் பேரு. டாக்டர் டார்ப்ளி."

முதல்வர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

டார்ப்ளியின் தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு பெனியேல் கல்லூரிக்குச் செங்கல் சுட்டவர். தன் பிள்ளைகள் நரைத்துக் கிழமானாலும் ஊர் அவர்களைப் 'பையா' என்றுதான் கூப்பிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஜட்ஜ், மேஜர், டாக்டர் என்று வரிசையாகப் பெயர் வைத்து ஞானஸ்நானமே கொடுத்துவிட்டார். ஜட்ஜ் தண்டவாளம் போட்டார். மேஜர் பருத்தி எடுத்தார். டாக்டர் மட்டும் படித்தார். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பருக்கு இடமில்லை. கோடைக்குக் கோடை ரயிலில் கறுப்பர் பெட்டியில் உட்கார்ந்து சிகாகோ போய் மேல்படிப்பைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். பட்டம் முடிவதற்குள் கோடைகள் முடிந்துபோயின.

ஹார்குரோவ் முதல்வராக வந்த வாரமே அவரைக் கூப்பிட்டு, "கல்லூரியைப் பார்வையிட வர்றவங்க குழம்பிப்போவாங்க. இங்க டாக்டர்னா நான் ஒருத்தன்தான்" என்று சொல்லி, பெயரை 'டி' என்று வெட்டிவிட்டார். அந்த ஒருத்தரின் பட்டமும் பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்று கௌரவத்துக்குக் கொடுத்தது. மறுவருடமே அந்தக் கல்லூரி முதல்வருக்குப் பெனியேல் ஒரு பட்டம் கொடுத்தது, மொய்க்கு மொய்.

"விளையாடறியா?" என்றாள் மிஸ் புரூயிட்.

வெர்னீஸ் மரணச் சான்றிதழை எடுத்து வைத்தாள். மாவட்ட வைத்தியர், வெள்ளைக்காரர், காலையில் கையெழுத்துப் போட்டது. மிஸ் புரூயிட் அதைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஆசிரியரிடம் கொண்டுபோனாள். கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்டது. காது சிவக்கத் திரும்பி வந்தாள்.

"முதல் பேருன்னா முதல் பேருதானாம்," என்று பென்சிலை எடுத்தாள். "சரி. இந்த டாக்டர் டார்ப்ளி எப்போ செத்..."

டாக்டர் என்று தொடங்கிய வாய்க்கு 'செத்தான்' என்று முடிக்க வரவில்லை. இரண்டு முறை முயன்றாள்.

"எப்போ காலமானாரு?"

"இன்னைக்கு விடியக்காலைலங்க," என்றாள் வெர்னீஸ். குரலை மட்டும் எப்படியோ சமமாக வைத்துக்கொண்டாள்.

"தலைமை யாரு?"

"டாக்டர் ஹார்குரோவ்," என்றார் முதல்வர், ஈனசுரத்தில்.

"உன் முதல் பேரும் அதேதானா?"

முதல்வர் கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை. "லூசியஸ்."

"லூசியஸ்," என்று எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவர் பியூக்கை மெதுவாகத்தான் ஓட்டினார். கல்லூரி வாசல் தெரிந்ததும், "என் பேரை எடுத்துரச் சொல்லலாமா?" என்றார்.

"இருக்கட்டும் சார். தலைமை இல்லாம எப்படி?"

மறுநாள் காலை முடிதிருத்தும் கடையில் ஒருவர் அறிவிப்பை உரக்கப் படித்தார். 'டாக்டர் டார்ப்ளி, பெனியேல் கல்லூரி ஆசிரியர். அடக்கம் இன்று பிற்பகல். லூசியஸ் ஹார்குரோவ் பேசுகிறார்.' முகத்தில் பாதி சோப்போடு இருந்தவர், "இன்னொரு தடவை படிப்பா" என்றார். பாங்க் மேனேஜர் வீட்டில் முட்டை பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரி எலோயிஸிடம், "யாரிந்த டாக்டர்? எதுல டாக்டர்?" என்று மேனேஜர் கேட்டார்.

"முக்கோணத்துலங்க," என்றாள் எலோயிஸ்.

பிற்பகல் கல்லூரித் தேவாலயத்தில் நிற்க இடமில்லை. மாவட்டத்து வாத்தியார்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு மதியமே மணி அடித்துவிட்டு வந்திருந்தார்கள். முதல்வர் எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"நம் அன்புக்குரிய டி. டார்ப்ளி அவர்கள்..."

"முழுசாச் சொல்லுங்க சார்!" நடு பெஞ்சிலிருந்து எலோயிஸின் குரல்.

"சொல்லுங்க!" என்றது பின்வரிசை.

முதல்வர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "டாக்டர்... டார்ப்ளி."

"ஆமா! இன்னொருக்கா!"

"டாக்டர் டார்ப்ளி!"

கூட்டம் தரையைக் காலால் தட்டியது. சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். முதல்வர் எப்படியிருந்தாலும் பேச்சாளர். கூட்டம் தூக்கினால் கீழே இறங்கத் தெரியாதவர். பேச்சுக் காகிதத்தை மறந்தார். இந்தச் சுவருக்குச் செங்கல் சுட்டவரின் பிள்ளை யார் என்றார். இந்தக் கூட்டத்துக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தது யார் என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் கூட்டம் அந்தப் பெயரையே திருப்பிக் கொடுத்தது. பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான், தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததை உணர்ந்தவர்போல விழித்தார். பக்கத்திலிருந்த வெர்னீஸ் அவருக்குத் தன் விசிறியைக் கொடுத்தாள்.

பொழுது சாய வீடு காலியாகியிருந்தது. கோழி வறுவலும் மக்ரோனியும் கீரையும் வந்த பாத்திரங்கள் தொட்டி நிறையக் கிடந்தன. திருப்பிக் கொடுப்பதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார்கள். வெர்னீஸ் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். திருமதி எலோயிஸ் விட்லோ. மிஸ் ஆர். பேட்டில். திருமதி சைலஸ் மங்கர். கடைசியில் ஒரு பெரிய கண்ணாடித் தட்டு. பிளாஸ்திரி போதாமல் இரண்டு துண்டு ஒட்டியிருந்தது. திருமதி டாக்டர் லூசியஸ் ஹார்குரோவ்.

ஈரத்தில் அதன் ஓரம் எழும்பியிருந்தது. வெர்னீஸ் தட்டைத் துடைத்து, எழும்பிய ஓரத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டவைத்துவிட்டு, மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தாள்.